எனக்கு வராத அழைப்பு

ஜூலை 8, செவ்வாய்

இன்று தெரிந்துகொண்ட செய்தி: நான் மிஷனரியாகப் போகிறேன்.

ரெம்பாவ் பசாரில் கங்கோங் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைச் செயலாளரின் மனைவி ரோகினி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "புனிதா, குடும்பத்தோட கம்போடியா போறீங்களாமே! குடுத்து வெச்சவ லா நீ!" நான் பல்லைக் காட்டித் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? எனக்கே தெரியாது என்று அவளிடம் சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்குள் தம்பின்வரை போய்விடும்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைக் கேட்டேன். போன வாரம் போர்ட் டிக்சன் மிஷனரி முகாமில் ஆண்டவர் அழைத்தாராம். அங்கேயே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டாராம். "குடும்பமாவான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன். உன்கிட்ட நல்ல நேரம் பாத்து சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். ஒரு காற்றாடி வாங்க சிரம்பானில் நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன் இவர். நாடு மாற ஒரு மதியம் போதுமாயிருந்திருக்கிறது.

ஜூலை 9

புறப்பாடு செப்டம்பர் ஆறு. மகள் ஷாரனுக்கு நவம்பரில் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை. அது முடியும்வரை தம்பினில் அவள் அத்தை வீட்டில் இருப்பாளாம், பிறகு வந்து சேர்ந்துகொள்வாளாம். அதையும் முடிவு செய்தாகிவிட்டது. "அம்மா, உங்களுக்காச்சும் முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள் பிள்ளை. நான் குழம்பைக் கிண்டினேன்.

ஜூலை 19, சனி

எங்கள் சபையில் யாராவது ஊரைவிட்டுப் போனால் வாரம் ஒரு வீட்டில் வழியனுப்பு ஜெபம் வைப்பார்கள். பிரிவின் துக்கத்தை ஆட்டுக்கறிப் பெரட்டலும் மீ கோரெங் நூடுல்ஸும் போட்டு ஆற்றுவார்கள். இன்று செயலாளர் வீடு. ஜெபம் முக்கால் மணி நேரம். அதில் கம்போடியாவுக்கு ஐந்து நிமிஷம், மீதி அவர் மகனுக்கு வேலை கிடைக்க.

வசனம் எழுதிய சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். ஆளுக்கு முப்பது கிலோதான் கொண்டுபோகலாம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கடிகாரம்.

ஜூலை 26, சனி

இன்று ஜெபம் எங்கள் வீட்டில். ரோகினி ஜெபத்தில் கண்ணையே மூடவில்லை. என் வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் மூடவில்லை.

போகும்போது சொன்னாள்: "இதெல்லாம் என்னா செய்யப் போறே? உலகப் பொருள்தானே, எங்க வீட்ல போட்டு வெச்சிரு லா." உலகப் பொருள் அவள் வீட்டுக்குப் போனால் பரலோகப் பொருளாகிவிடும்போல.

இன்னொரு கடிகாரம்.

ஆகஸ்ட் 1

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மாரியம்மன் கோயிலைத் தவிர வேறெங்கும் கும்பிட்டறியாத மனுஷி. "ஏம் புனிதா, போறதுக்கு ஒனக்கு இஷ்டமா?" என்றார்.

இத்தனை பேரில் இதைக் கேட்டது அவர் ஒருத்திதான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பாஸ்டர் தங்கராஜு வந்திருந்தார். பதினேழாம் தேதி சபையில் பெரிய வழியனுப்பு ஆராதனை. மிஷனரியின் மனைவியும் சாட்சி சொல்வது வழக்கம்.

"கர்த்தர் உங்கள எப்படி அழைச்சார்னு ரெண்டு வார்த்த சொன்னா போதும் சிஸ்டர்."

"அழைக்கலன்னா, பாஸ்டர்?"

"நல்லா தமாஷ் பண்றீங்க" என்று சிரித்துவிட்டு இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஆகஸ்ட் 9

எனக்கு விசுவாசம் இல்லையா? இருக்கிறது. ஷாரன் டெங்கியில் கிடந்த பதினொரு நாளும் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்? அதனால்தானே ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பொய் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது!

இன்று உட்கார்ந்து உண்மையாகவே கேட்டேன். ஆண்டவரே, நான் போகணுமா? ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பழைய இரும்பு வாங்குகிற லோரி தெருவில் போனது. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்னும் ஒன்றும் இல்லை. கடிகாரம் மட்டும் நாலாகிவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஐயோ, சொல்லிவிட்டேன்.

எங்கள் சபையின் எஸ்டேட் கோயில் நிறைந்திருந்தது. அம்பாங்கானிலிருந்துகூட கார் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இவர் அழகாகப் பேசினார், பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அப்புறம் மைக் என் கைக்கு வந்தது.

"கர்த்தர் என்னை அழைக்கல" என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் "ஆமென்" என்றார். பழக்கதோஷம்.

"இவரும் என்னைக் கேக்கல. பசார்ல ரோகினி சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்தக் கோயிலுக்குப் பின்னால லைன் வீட்ல தோட்ட வேலைக்கு வந்த நேப்பாளத்துப் பையனுங்க இருக்காங்க. வருஷம் ஆறாச்சு. அதுல ஒருத்தன் பேராச்சும் இங்க யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. நான் எப்படி மிஷனரி?"

இந்த முறை ஆமென் இல்லை. பாஸ்டர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார், அதுவும் சுருதி எட்டாமல். ரோகினியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், வாஷிங் மெஷின் கைநழுவிப் போன முகம்!

ஆனால் இவர் முகம்... அதை எழுத முடியவில்லை. பாட்டுப் புத்தகம் கையில் தலைகீழாக இருந்தது.

ஆகஸ்ட் 20

மூன்று நாளாக வீட்டில் பேச்சில்லை. இன்று "உப்பு கம்மி" என்றார். அவ்வளவுதான்.

நான் செய்தது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன்டி உனக்கு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது?

ஆகஸ்ட் 22

எனக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று ரோகினி சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். பிடித்திருந்தால் முதலில் அவள் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சபையில் அறிவிப்பு வாசித்து முடித்ததும் இவர் எழுந்து நின்றார். எல்லோர் முன்னாலும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"புனிதாவப் பத்தி ஆளாளுக்குப் பேசுறீங்க. அவ மேல தப்பில்ல. அழைப்பே எனக்குத்தான் வரல. முகாம்ல எல்லாரும் கையத் தூக்கினாங்க, நானும் தூக்கிட்டேன். என்னை மன்னிச்சிருங்க." உட்கார்ந்துவிட்டார். யாரோ சிரித்தார்கள்.

பொய். பச்சைப் பொய். முகாமிலிருந்து வந்த நாள் முதல் விடிகாலையில் எழுந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியை வைத்துக் கெமர் மொழி படிக்கிற ஆள். இன்று காலையும் படித்தார், நான் காதால் கேட்டேன். கடவுள் பெயரால் பொய் சொல்லமாட்டேன் என்று நான் வீராப்பாக நின்றேன். எனக்காக இந்த மனுஷன் சொல்லிவிட்டார். குணாளா, குணாளா என்று ஊரே தூக்கி வைத்திருந்த பெயரை ஒரு நிமிஷத்தில் கீழே போட்டுவிட்டார்.

வரும் வழியெல்லாம் கார் கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வேலை முடிந்து வந்தவர் சமையலறையில் வெங்காயம் உரித்துத் தந்தார். இதெல்லாம் பழக்கமில்லாத வேலை, பாதி வெங்காயம் தோலோடு போனது.

"உண்மையச் சொல்லுங்க. அழைப்பு வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு வந்ததுக்கு நீ ஏன் பேச்சு வாங்கணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

"சரி, இப்ப கேளுங்க."

"என்னத்த?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கேக்க வேண்டியத."

கத்தியைக் கீழே வைத்தார். பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இவர் இவ்வளவு தடுமாறி நான் பார்த்ததில்லை. "புனிதா... நீ என்கூட வர்றியா? வரலன்னாலும் பரவால்ல."

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால், மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன்.

"பரீட்சை முடியட்டும், வர்றேன். இந்தத் தடவ ஊரக் கூட்டாதீங்க" என்றேன். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் மனுஷனுக்கு! உடனே மிஷன் கமிட்டிக்குப் பேசக் கைப்பேசியை எடுத்தார்.

"அதக் கீழ வைங்க. உள்ள இன்னொருத்தி படிச்சிக்கிட்டு இருக்கா, அவளையும் யாரும் கேக்கல."

பிறகு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு போய், ஷாரன் அறைக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றார்.