முப்பது சதவீதக் கண்

கரையாம்புத்தூர்,
3.6.2024

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? போன் போட்டால் உன் தம்பி எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். அதான் பட்டாளத்தில் இருந்தபோது எழுதின மாதிரி எழுதுகிறேன்.

மெடிக்கல் போர்டில் பார்வை போன என் ஒரு கண்ணுக்கு முப்பது சதவீத ஊனம் என்று போட்டார்கள். குண்டுச் சில்லு கிழித்த குடலுக்கு ஒன்றுமில்லை. “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்கிறான் அந்த டாக்டர். வந்த ஆத்திரத்துக்கு மேசையைக் கவிழ்த்திருப்பேன். நான் என்ன சாப்பிடுகிறேன், எப்படி வாந்தி எடுக்கிறேன் என்று கூட இருந்தவர் எழுதித் தந்தால் அப்பீல் போடலாமாம். உன்னை விட்டால் யார்? பென்ஷன் கூடினால் பாப்பாவுக்குத்தானே? வூட்டுக்கு வந்துவிடு.

உன் மணவாளன்

மடுகரை,
11.6.2024

மாமாவுக்கு,

நலம் என்று எழுத மனசு வரவில்லை. ரசத்தில் ஒரு மிளகாய் கிடந்ததற்குச் சொம்பை எடுத்து என் மேல் வீசினீர்கள். நான் குனிந்தேன். பின்னால் நின்ற நம் பாப்பா ஜெயப்பிரியாவின் கண்ணில் அடித்தது. ரத்தம் கொட்டக் கொட்ட அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினேன். நீங்கள் வாசலில் நின்று, “எனக்கு வயிறு எரியுதுடி” என்று கத்தினீர்கள். ஆஸ்பத்திரியில் இடறி விழுந்தாள் என்று சொல்லி உங்களைக் காப்பாற்றினேன், பாவி.

ஐயோ, இத்தனை எழுதினீர்களே, அவள் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டீர்களா?

செல்வகுமாரி

கரையாம்புத்தூர்,
15.6.2024

செல்விக்கு,

வயிறு பிடுங்கும்போது நான் மனுஷனாகவே இல்லை. வேண்டுமென்றா அடித்தேன்? பட்டாளத்தான் பெண்டாட்டி கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். பாப்பாவுக்குச் சின்ன வயசு, ஆறிவிடும்.

எழுதி அனுப்பு. இல்லையென்றால் நேரிலேயே வருவேன். உன் தம்பி குறுக்கே வந்தால் வெட்டிப் போடுவேன், சொல்லிவை.

மணவாளன்

மடுகரை,
24.6.2024

திரு. மணவாளன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதை இதோடு வைத்திருக்கிறேன். கஞ்சி, வாந்தி, ரத்தம், தரையில் புரண்டது, எதையும் விடவில்லை. உங்கள் குடல் கிழிந்தது பொய்யில்லை, அதற்குரியதை வாங்கிக்கொள்ளுங்கள். சொம்பு வீசியதை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கடைசிக் கடிதத்தையும் அவர்களிடமே கொடுத்தேன். இங்கே வராதீர்கள்.

போர்டுக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு கண்ணைப் பொத்திப் படிக்கச் சொன்னார்கள் என்பீர்களே, நேற்று பாப்பாவுக்குக் கண் கட்டைப் பிரித்து அப்படித்தான் உட்கார வைத்தார்கள். டாக்டர் அவளுடைய நல்ல கண்ணைப் பொத்தினார்.

“அம்மா, இன்னாத்துக்கு லைட்ட நிறுத்திட்டாங்க?” என்றாள்.

ஒரு கண் போனால் அவளுக்கும் முப்பது சதவீத ஊனம்தானாம்.

செல்வகுமாரி