எட்டாவது தீர்மானத்தில் என் கையெழுத்து

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், சாரல் விடாமல் விழுவதால் கொடியில் கிடக்கிற துணிகளுக்குத்தான் சுகமில்லை. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா, மாப்பிள்ளையின் தொப்பை முன்னைவிடச் சுகமா என்று எழுது. போன் இருக்க ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் எனக்குக் கேலிதான் வாயில் வருகிறது, விஷயம் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. ஐந்தாம் வகுப்புக்காரி எழுத்து, பொறுத்துப் படி.

அருவியில் வெள்ளமென்று குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டால் வண்டியெல்லாம் நம் ஊர் ஆற்றுக்குத்தான் திரும்பும், உனக்குத் தெரியும். வருகிற பொம்பளைகள் ஈரத்துணியோடு தென்னை மறைவு தேடி அலைவதைப் பார்த்துத்தான், வார்டு மெம்பர் ஆன நாள் முதல் கக்கூசும் உடை மாற்ற ஓர் அறையும் வேண்டுமென்று கத்தினேன். இந்த சீசனுக்கு எல்லாம் வந்துவிட்டது, ஓடு பதித்த அறை, குழாய், உட்கார பெஞ்சு, சனி ஞாயிறு கரகாட்டத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டத்துக்கும் மேடை. இதற்கெல்லாம் முன்னால் நடந்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் கிளார்க் தீர்மானங்களை வாசித்துக்கொண்டே போனார். அன்றைக்குத்தான் மீசைக்குப் புதிதாக மை அடித்திருந்தார், என் வாய் சும்மா இருக்குமா, சார்வாள் மீசைக்குத் தனித் தீர்மானம் உண்டா, நான் வழிமொழியுதேன் என்றேன். தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சி டீயைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எட்டாவது தீர்மானம் வாசித்து முடிந்துவிட்டது. சீசன் முடியும் வரை பெண்கள் படித்துறை வெளியூர்ப் பயணிகளுக்கு மட்டும், உள்ளூர் ஆட்கள் அங்கே குளிக்கவோ துவைக்கவோ கூடாது என்பதுதான் அது, என் காதில் ஏறவே இல்லை. முதல் கையெழுத்து நான்தான் போட்டேன், அந்த மீசை மாதிரியே வளைத்துப் போட்டேன்.

படித்துறைக்கு வேலி போட்டுக் கதவு வைத்த அன்றுதான் எனக்கே விவரம் தெரிந்தது. நம் தெருப் பொம்பளைகள் இப்போது பாலத்துக்குக் கீழே வளைவில் குளிக்கிறார்கள், அங்கே படி கிடையாது, பாசி பிடித்த பாறைதான். போன வாரம் செவ்வாய்க்கிழமை கிருபா அத்தை வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. புருஷன் போன பிறகு அவள் பீடி சுற்றித்தான் அந்த வீடு நடக்கிறது, கட்டுப் பிரிக்க ஆறு வாரம் என்கிறார்கள். பார்க்கப் போனேன். ஏட்டி, நீ போட்ட கையெழுத்துக்கு என் கை போச்சு, இங்கன வராத என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வருஷம் என்னோடு ஒரே கல்லில் துவைத்தவள். தலைவரிடம் போனால், நீதான தாயி மொதல்ல போட்ட, சீசன் முடியட்டும் பாப்போம் என்கிறார். மனுவோடு தென்காசி கலெக்டர் ஆபீசுக்குப் போனேன், அங்கே இருந்த அதிகாரி தீர்மானக் காகிதத்தைத் திருப்பிக் காட்டி, இது உங்க கையெழுத்துதானம்மா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி, ஆற்றங்கரைப் புது மேடையில் நடக்கிற சீசன் விழாவில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மெம்பர் என்று பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். எங்க ஆத்துல எங்களுக்கு எடமில்ல, பாறையில விழுந்து கை ஒடியுது என்று உள்ளதைத்தான் சொன்னேன். என் குரல் வாய்த்த லட்சணம், வந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதற்கும் கை தட்டினார்கள், நல்லா நடிக்கிறாங்க என்று முன்வரிசையில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. நம் தெருப் பொம்பளைகள் கடைசியில் நின்றார்கள், ஒருத்தியும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து பொன்னாடையை மடித்து வைத்தேன், வேறென்ன செய்ய.

இப்போது கிருபாவின் அழுக்குத் துணியை அவள் மகள் பெர்சிஸ் தினமும் வாசலில் வைக்கிறாள், நான் எடுத்துப் போய் வளைவில் துவைத்துத் திரும்ப வைக்கிறேன். நேற்று, வேலிக் கதவுக்குக் காவல் இருக்கிற சுடலையாண்டி கூப்பிட்டு, மெம்பரக்கா, நீங்க வேணும்னா வந்து குளிங்க, ஆரும் கேக்க மாட்டாவ என்றான். போலே, உன் சோலியப் பாரு என்று நடந்தேன். ஒங்க மக ஆடியில வருதால்லா, அவள விட்டுருவேன், அவ வெளியூர்க்காரிதான என்று பின்னால் இருந்து சத்தம் போட்டான். திரும்பிப் பார்க்காமல் வளைவுக்கு இறங்கிவிட்டேன் மகளே. பெட்டியை வைத்ததும் ஆற்றுக்கு ஓடுகிறவள் நீ, போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. போனால் போ. கிருபா அத்தை வீட்டு வழியாக மட்டும் ஈரத்தலையோடு திரும்பி வராதே.

இலஞ்சிக் குமாரன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், வயிறும் மனசும் நிறைந்து இருங்கள். வருகிறபோது வழுக்காத ரப்பர் செருப்பு ஒரு ஜோடி மறக்காமல் வாங்கி வா, கிருபாவுக்கு அளவு ஏழு. நான் சொல்லி வாங்கியது என்று அவளிடம் சொல்லாதே.

உன்னைப் பெற்ற வாயாடி,
உலகம்மை