உதறாத ஆடு

அக்கா,

நீங்கள் அடித்த முளையில் மறுபடி ஒரு ஆடு நிற்கிறது. கொல்லையெல்லாம் கிடா வாடை. வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையைத் திறந்தாலும் அந்த வாடைதான். நீங்கள் போன பிறகு இந்த வாடையை ஒழிக்கத்தானே கொல்லை முழுக்கச் சாணி போட்டு மெழுகினேன்? போய்ச் சேர்ந்தும் உங்கள் தொல்லை எனக்குத் தீரவில்லை. முட்டி வலிக்கிற வயதில் ஆட்டுக்குக் குழை ஒடிக்க அலைகிறேன். அலுப்பாக இருக்கிறது, அக்கா.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம், நீங்கள் மூத்தவருக்கும் நான் இளையவருக்கும். உங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதும் பால் குடிக்காமல் கிடந்தபோது, இவன் பிழைத்தால் கருப்பருக்குக் கிடா வெட்டுகிறேன் என்று நீங்கள்தான் வேண்டிக்கொண்டீர்கள். பிழைத்தான். குட்டி வாங்கிக் கட்டி வளர்த்ததும் நீங்கள்தான். அதற்கு மாலை போட்டுக் கோயிலுக்கு இழுத்துப் போனபோது உங்கள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பின்னால் ஊரில், ஆட்டின் மேல் ஆசை வைத்துச் சாமியை ஏமாற்றியவள் என்று உங்களைப் பேசினார்கள்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அப்புறம்தான் வெட்டு. அது உதறவில்லை. கழுத்து மாலையில் எட்டின பூவைத் தின்றுகொண்டு நின்றது. மறுபடி தெளித்தார்கள். முதுகில் ஊற்றினார்கள். வெயில் ஏறியது. கடைசியில், வெட்ட நின்ற பெரிய மாமா அரிவாளை மாற்றிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"காதுக்குள்ள ஊத்துங்கடா! எப்புடி ஒதறாமப் போகுதுன்னு பாப்போம்."

எல்லாக் கோயிலிலும் செய்வதுதான். நானும் பார்த்துப் பழகியதுதான். நீங்கள் போய் அந்த மஞ்சள் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"காதுல தண்ணி போனா ஒங்களுக்குந்தான் ஒதறும், மாமா. அதுக்காக ஒங்கள வெட்டிரலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. "கேட்டோம், அது குடுக்கல. குடுக்காத உசுர எடுத்துட்டு வேண்டுதல்னு சொல்லக்கூடாது" என்று சொல்லி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டீர்கள். இடுப்பில் பிள்ளை, பின்னால் ஆடு. நான் வெறும் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஒரு கால் துவண்டு போனது. அத்தை வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உங்கள் வீட்டுக்காரர் கொல்லையில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டே, "இன்னமுமா பிடிவாதம்? புள்ள போயிருவான்டி" என்றார். எனக்கும் அன்றைக்கு, வெட்டித் தொலைத்தால்தான் என்ன என்றுதான் இருந்தது.  நீங்கள் அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி மறுபடி முளையில் கட்டினீர்கள்.

"பயந்து போயி இன்னொரு உசுரப் புடுங்கி இவனுக்குப் போடச் சொல்றீங்களா? அது என்ன செஞ்சுச்சு? வண்டியப் பூட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

புதுக்கோட்டை போய்ச் சேரும் வரை பிள்ளையை நீங்கள் மடியை விட்டு இறக்கவில்லை. உயிர் தங்கியது. கால் சூம்பியது சூம்பியதுதான். கருப்பர் காலை எடுத்துக்கொண்டார் என்றார்கள். அதற்கப்புறம் மழை தவறினாலும், மாடு கன்று செத்தாலும், அடுத்த வீட்டில் கல்யாணம் தட்டிப்போனாலும் உங்கள் பேச்சுதான். கிணற்றடியில் நீங்கள் வந்தால் பேச்சு நின்றுபோகும். ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "சலிப்பா இருக்குடி" என்று மட்டும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு ஆட்டுக்குக் கழுநீர் வைக்கப் போனீர்கள். அது கிழடாகிப் பல் உதிர்ந்து, தானாகத்தான் செத்தது. புதைத்துவிட்டு நீங்கள் தலைமுழுகியதைப் பார்த்து ஊரே சிரித்தது.

உங்கள் மகன் இப்போது திருக்கோகர்ணத்தில் தையல் மெஷின் மிதிக்கிறான். நல்ல காலால்தான். மீசை வைத்திருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை.

போன வாரம் அவனும் கருப்பர் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தான். மேலத்தெரு மருமகள் ஒருத்தி, கைக்குழந்தைக்காக வேண்டிக்கொண்ட கிடா. தண்ணீர் தெளித்தார்கள், உதறவில்லை. ஒருவன் செம்பைச் சாய்த்துக் காதுக்குக் கொண்டு போனான். உங்கள் மகன் நொண்டிக்கொண்டே போய் ஆட்டின் காது இரண்டையும் கையால் பொத்திக்கொண்டான்.  யாரும் அவனைத் தள்ளவில்லை. எல்லோரும் அவன் காலையே பார்த்தார்கள்.

அந்தப் பெண் என்னிடம் ஓடி வந்தாள். "சின்னம்மா, இத வெட்டாம வீட்டுக்குக் கொண்டு போக எனக்குப் பயமா இருக்கு. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்ல நான் யார்? நீங்களாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெயில் வேறு. "கயித்த இங்கிட்டுக் குடு. ஆடு எங்கிட்ட இருக்கட்டும். ஏதும் ஆனா ஊரு என்னையக் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டேன். இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் படுத்து எழுந்தும், நீங்கள் எதைச் சுமந்தீர்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்று காலை மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது. பிள்ளைக்கு இருமலாம், மேல் சுடுகிறதாம். இனி என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்டுக்குக் குழை போட்டாயிற்று, தண்ணீர் வைத்தாயிற்று. அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் வெயிலுக்கு முன் ஆஸ்பத்திரி போய்விடலாம். பிள்ளையை என் மடியில்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். கிளம்புகிறேன், அக்கா.