சுறா எண்ணெயும் பிரேமாவதியும்

செமிலிங் தோட்டம்,
1943, ஐப்பசி.

அன்புள்ள அத்தானுக்கு, முருகன் துணையோடு அம்சவள்ளி எழுதுவது.

நானும் தங்கமணியும் சுகம். மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், மற்றபடி குறையில்லை. உங்கள் சுகத்தை நான் கேட்க வேண்டியதே இல்லை. ஊர் ஊராகப் புகையிலை விற்கும் மீரா சாகிபு நீங்கள் இருக்கும் கூலிம் ஊரிலிருந்து வந்து எல்லாம் சொல்லிவிட்டார்.

மாலைக்கண் வந்து, பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவி நடக்கிறீர்கள் என்று கேட்டதும் கடலோரத்துத் தஞ்சோங் டாவாய்க்கு நடந்தே போய்ச் சுறா ஈரல் வாங்கி வந்தவள் நான். உருக்கும்போது எழுந்த நாற்றத்தில் லயத்து வீடுகள் வரிசையாக என்னைத் திட்டின. அதையும் கேட்டுக்கொண்டு, எண்ணெயை வடிகட்டிப் புட்டியில் அனுப்பினேன். அங்கே பார்த்தால், நீங்கள் சாப்பிடப் போகும் சாப்பாட்டுக் கடைக்காரி பிரேமாவதியும் அதே எண்ணெய் ஒரு புட்டி வைத்திருக்கிறாளாம்! தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்து, நீங்கள் முகம் சுளித்தால் வெல்லத்துண்டு வேறு தருகிறாளாம். தங்கச்சி, மாப்பிள்ளைக்குக் கவனிப்புக்கு ஒரு குறையும் இல்லைலா என்று சாகிபு சிரிக்கிறார். வெல்லமாம், வெல்லம்! உங்கள் மகள் அதைக் கண்ணால் பார்த்து எத்தனை மாதமாயிற்று?

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றதைச் சொன்னார். ஓயாத தலைவலி, வாந்தி, உதட்டில் வெடிப்பு, உள்ளங்கையில் தோல் உரிகிறது, சீப்பு வைத்தால் முடி கொத்தாக வருகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் உங்களுக்கு வசிய மருந்து வைத்துவிட்டாள்! அடி பாவி என்று கத்திக்கொண்டே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் குழந்தைவேலுவிடம் ஓடினேன், அதை முறிக்க மருந்து கேட்டு.

அவர் என்னை உட்கார வைத்து, நீங்கள் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். இருவர் மனமும் நோகக்கூடாதென்று காலையில் என் எண்ணெய், ராத்திரி அவள் எண்ணெய் குடிக்கிறீர்கள் என்று சாகிபு சொன்னதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வசியமுமில்லை, ஒன்றுமில்லை, எண்ணெய்தான் வேலை காட்டுது, கொஞ்சமாக் குடிச்சா கண்ணுக்கு மருந்து, மிஞ்சினா உடம்பு அதை வெளியே தள்ளாது, ஈரலில் சேர்ந்துக்கிட்டே போகும், இப்படியே போனா ஆளே மிஞ்ச மாட்டான் என்றார்.

என்ன மனுஷன் நீங்கள்! ஒருத்தியிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராதா?

இரண்டு புட்டியையும் இன்றே மூடிவிடுங்கள். தலைவலியும் தோல் உரிவதும் அடங்கட்டும். அதுவரை முருங்கைக்கீரையும் பப்பாளிப்பழமும் போதும் என்கிறார் டிரஸ்ஸர். பிறகும் கண் மங்கினால் அவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. என் புட்டியாக இருந்தாலும்.

ஓடி வந்து பார்த்துக்கொள்ள எனக்கு ஆசையில்லையா? தோட்டத்தை விட்டு நகர்ந்தால் எங்கள் அரிசிக் கார்டை எடுத்துவிடுவார்கள். நீங்களும் இந்தப் பக்கம் தலை காட்டாதீர்கள். ஜப்பான்காரனின் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிற தோட்டத்து ஆபீஸ் கிராணி உங்கள் பெயரை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் கீழே எழுதியிருப்பதை அந்த அம்மாளிடம் படித்துக் காட்டுங்கள். ஒரு வார்த்தையும் விடக்கூடாது.

அக்கா, நான் இவருடைய பெண்சாதி. இவர் கேட்டாலும் எண்ணெய் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரை ஆய்ந்து போடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாராம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள்.

எழுதிவிட்டேன், அத்தான். யார் கையால் சாப்பிட்டாலும் நீங்கள் உயிரோடிருந்தால் சரி என்று டிரஸ்ஸரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அது சரியில்லை. ஆனாலும் சாப்பிடுங்கள்.

முருகன் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்
அம்சவள்ளி