அழுக்காக்கிய அடுப்படி

ஜூன் 3, செவ்வாய்

காளவாசலில் மாடி அறைக்குச் சாவி வாங்கியாயிற்று. பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் தொழில் என்று போர்டும் எழுதக் கொடுத்துவிட்டேன். ஆனால் செய்துகாட்ட ஒரு வீடு வேண்டுமே? பரவையில் நம் வீடே இருக்கிறது. அப்பா இருந்தபோது கட்டியது, முப்பது வருஷம் ஆகிறது. அடுப்படியையும் பின்கட்டையும் இடித்துப் புதிதாக்கினால் அம்மாவுக்கும் வசதி, எனக்கும் ஒரு மாதிரி வீடு கிடைக்கும்.

தங்கச்சி திவ்யாவுக்கு ஜூலையில் வளைகாப்பு. அன்றைக்கே தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவருவதாகப் பேச்சு. அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "பச்சப்பிள்ளைக்கு வெந்நி போட அடுப்பு ஒண்ணு தனியா வச்சுத் தருவியாய்யா?"

வைத்தால் போச்சு.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவைத் திருப்பரங்குன்றத்துக்கு அனுப்பிவிட்டேன். இடிப்பதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று வீடியோ எடுக்க வேண்டும். கேமராவில் பார்த்தால் அடுப்படி பளிச்சென்று இருக்கிறது. இருக்காதா பின்னே? பொங்கலுக்குப் பொங்கல் அம்மா தானே ஸ்டூலில் ஏறிச் சுண்ணாம்பு அடிக்கிறவள். இதைப் போய்ப் புதுசாக்கினேன் என்றால் எவன் என்னைக் கூப்பிடுவான்?

டீத்தண்ணியைச் சுவரில் விசிறினேன். பரணில் கிடந்த கரிச்சட்டிகளை இறக்கி, பழைய சோற்றைப் பூசி மேடையில் பரப்பினேன். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டத்து ஒட்டடையைக் கொண்டுவந்து ஜன்னலில் ஒட்டினேன்.

கொத்தனார் காளை அண்ணன் நிலைப்படியில் நின்று பார்த்தார். "நல்லாத்தானப்பா இருக்கு, எதுக்கு அழுக்காக்குற?"

"தொழில்ணே."

அம்மா திரும்பி வருவதற்குள் மேடையை உடைத்தாகிவிட்டது.

ஜூன் 21, சனி

வீடியோ போட்டேன். பேச்சும் என்னுடையதுதான். "இந்த அடுப்படியில ஆக்குன சோத்தைத்தான் முப்பது வருசமாத் தின்னேன். இன்னும் உசுரோட இருக்கேன்னா பாத்துக்கங்க."

காளை அண்ணனிடம் காட்டினேன். சிரிக்கவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சிமெண்ட் குழைக்கப் போய்விட்டார்.

ஜூன் 24

இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். போன் ஓயவில்லை.

ஜூன் 26, வியாழன்

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏய்யா, அது நம்ம அடுப்படியா?"

"கேமராவுல அப்படித்தாம்மா தெரியும்."

குழம்பு ஊற்றினாள். ரெண்டு அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீடியோவை எடுத்துவிடலாமா? திங்கட்கிழமை ஒருத்தர் வீட்டு வேலை பேசி முடிக்க வருகிறார். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வருகிறார். அதுவரைக்கும் இருக்கட்டும் — இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறவனுக்கு அம்மா ஒரு கேடா?

ஜூன் 30

வேலை கிடைத்துவிட்டது. வீடியோவை எடுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

திவ்யா போன் செய்தாள். அவள் மாமியார் தமிழ்ச்செல்வி, ஓய்வுபெற்ற டீச்சர், வீடியோவைப் பார்த்திருக்கிறார். சொந்தக்காரர் குரூப்பிலும் சுற்றுகிறதாம்.

"நம்ம அடுப்படி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாண்ணே? இங்க சொன்னா, பெத்தவளை விட்டுக்குடுப்பாளாங்கிறாக. நீ வந்து சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவாக."

வளைகாப்பில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

விடியுமுன் எழுந்து, முன்னறையில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு அம்மா ஏழு வகைக் கட்டுச்சோறு ஆக்கினாள். மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிற நாளில் தாய் ஆக்கிய சோற்றைச் சபை சாப்பிட வேண்டும், அதுதான் முறை. தூக்குவாளிகளோடு பசுமலைக்கு, திவ்யாவின் மாமியார் வீட்டுக்குப் போனோம்.

வளையல் அடுக்கி முடிந்தது. பந்தியில் சமையல்காரர் சாப்பாடு ஓடியது. எங்கள் வாளிகள் ஓரமாகவே இருந்தன. ஒரு பெண் மூடியைத் திறந்தாள். பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னதும் மூடிவிட்டாள். "வீடியோவுல வந்துச்சுல்ல, அந்த வீடு" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு தமிழ்ச்செல்வி அம்மா வந்து, கோபமே இல்லாமல் சொன்னார். "மதினி, பிரசவம் இங்கேயே இருக்கட்டும். பச்சப்பிள்ளை இருக்கிற எடம் சுத்தமா இருக்கணும் பாருங்க."

திவ்யா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் போதும். அழுக்காக்கினது நான்தான் — இரண்டே வார்த்தை. ஆனால் கொஞ்சம் முன்னால்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா தன் வீட்டையும் வந்து பார்க்கச் சொல்லி நம்பர் வாங்கியிருந்தார். நான் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

அம்மா, "சரி மதினி" என்றாள்.

வாளிகளைத் திரும்பத் தூக்கி வந்தோம். புளிச்சோற்றை நான் சாப்பிட்டேன். எப்போதும் போல நன்றாகத்தான் இருந்தது. அம்மா தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்தோம். நானெல்லாம் என்ன மனுசன்?

ஜூலை 14

வீடியோவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? வேறு நாலு பேர் வெட்டி ஒட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

பசுமலைக்குத் தனியாகப் போனேன். டீத்தண்ணி, ஒட்டடை, கரிச்சட்டி என்று ஒன்று விடாமல் தமிழ்ச்செல்வி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"அம்மாவுக்காகப் பேசுறீங்க தம்பி. நல்ல பிள்ளை. அதுக்காக இல்லாத பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க." காப்பி கொடுத்தார்.

சொல்ல வேண்டிய நாளில் சொல்லாதவன் பேச்சை யார் நம்புவார்கள்? நல்ல பிள்ளை என்று பெயர் வேறு. திவ்யா அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

புது அடுப்படியில் பால் காய்ச்சினோம். அம்மாவும் நானும் காளை அண்ணனும் மட்டும். வெந்நீர் அடுப்பும் தனியாக வைத்திருக்கிறேன். அதைக் காட்டியபோது, "நல்லாருக்குய்யா" என்றாள்.

வேலை முடிந்த வீட்டை வீடியோ எடுத்துப் போட்டேன். 'பெத்தா இப்படி ஒரு மகனைப் பெறணும்' என்று எழுதுகிறார்கள். உண்மையைச் சொல்லியும் ஒன்று எடுத்தேன். போடவில்லை. மூன்று வீட்டு வேலை கையில் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

திவ்யாவுக்குப் பெண் குழந்தை. பிறந்து நாலு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து பசுமலைக்குத்தான் கொண்டுபோனார்கள். இன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே போனதும் அம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை. குழாய் எங்கே என்று கேட்டாள். முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். சேலையில் துடைக்காமல், ஈரக் கையோடே வந்து தமிழ்ச்செல்வி அம்மா முன்னால் நின்றாள். திவ்யா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கழுவிட்டேன் மதினி."

இரண்டு கையையும் நீட்டி, விரலை விரித்து, உள்ளங்கையைக் காட்டினாள். பிறகு திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். அந்த அம்மா பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பேத்தியை வாங்கினாள்.