மழை நாளில் யாருக்கு முறை

ஜூன் 6

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சௌக்கியம். என் பேத்தி பட்டாணிக்குப் பல் வந்ததா, வயிறு சரியாயிற்றா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது. அதில் பாதி நீ எழுதியது இல்லை. "குடும்பத்தின் நலன் கருதித் தாங்கள் உடனடியாகத் திரும்புவது உசிதம்" என்று நீ ஜென்மத்துக்கும் எழுதமாட்டாய். பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தது யார் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி அம்மாவுக்கு எழுத வேண்டாம் என்று என் பிள்ளையிடம் சொல்.

ஃபோனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறாய். எடுத்தால் அவன் "அம்மா" என்று குரலை இழுப்பான், நான் "சரிப்பா" என்று பெட்டியைக் கட்டிவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும். கடிதம் என்றால் நிதானமாக யோசித்துப் பதில் சொல்லலாம்.

இந்தத் தீவு வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. அவரவர் கம்பெனி எங்கோ இருக்கிறது, வேலையை இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறோம். எதிர் அறைக் கணக்கர் தன் முட்டை ஒவ்வொன்றின் மேலும் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறார். அதை விட்டால் மனிதர் தங்கம். தெருவில் பகலில் ஒரு சைக்கிள் போனால் எல்லோரும் எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவு அமைதி. டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்ஃபோனில் கேட்டு அறிக்கையாக அடிக்கிற எனக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது "டீத்தூள் எங்கம்மா?" என்று அவன் நடுவில் கேட்டான். வலது முழங்கால் இடது முழங்காலாகிவிட்டது. டாக்டர் கண்ணில் பட்டதால் அந்த நோயாளி தப்பித்தார். அதற்கு மறுவாரம்தான் நான் கிளம்பினேன்.

திரும்பி வருவதாக இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் அத்தை


ஜூன் 15

அன்புள்ள அத்தைக்கு,

பட்டாணிக்கு இரண்டு பல் வந்துவிட்டது. முதல் கடி எனக்குத்தான். வயிறும் சரியாகிவிட்டது.

இந்தக் கடிதம் முழுக்க நானே எழுதுவது. அவர் குளிக்கப் போயிருக்கிறார்.

நீங்கள் கிளம்பிய அன்று உங்கள் பெட்டியை வாசல் வரை தூக்கி வந்தவள் நான். அங்கேயாவது நிம்மதியாக இருங்கள் என்று மனதார நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அத்தை, பிரசவ விடுப்பு அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் இடத்துக்கு ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். நான் போகாவிட்டால் அவளே நிரந்தரம். ஒரு வயது ஆகாத குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்களாம். "அம்மா வரலேன்னா நீ வேலைய விட்டுடு, வேற என்ன வழி இருக்கு?" என்கிறார் இவர். குரலைக்கூட உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

உங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைத்தது. அதற்காக நான் என் வேலையை விட வேண்டுமா? இப்படிக் கேட்டால் உங்கள் மனது கஷ்டப்படும் என்று தெரியும். கேட்காமல் இருந்தால் என் மனது வெந்துபோகிறது.

உங்கள் மருமகள்


ஜூன் 24

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கேட்டது நியாயம். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணிகளை எடுத்துக்கூட வைத்துவிட்டேன்.

மறுநாள் நல்ல மழை. மழை பெய்தால் இங்கே இன்டர்நெட் படுத்துவிடும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்க முடியும். அப்போது ஐந்து பேரும் சாப்பாட்டு மேஜைக்கு வந்து, என்ன வேலை, எப்போது முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முறை போடுவோம். வந்த புதிதில் "என்னோடது பரவாயில்ல, நீங்க பாருங்க" என்று நான் ஒதுங்கினேன். பெரிய மனசு என்று பாராட்டுவார்கள் என நினைப்பு. கணக்கருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ரிப்போர்ட்டுக்கு அங்க ஒரு நோயாளி காத்திட்டிருக்கார். அத மறைச்சா நாங்க எப்படிங்க நியாயமா முறை போடறது? உள்ளதச் சொல்லுங்க, விட்டுக்கொடுக்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் பேச்சில் தப்பு இல்லை.

இந்தத் தடவை அதே மேஜையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நீயும் நானும் உள்ளதைச் சொல்லிவிட்டோம், யார் விட்டுக்கொடுப்பது என்று மல்லுக்கு நிற்கிறோம். மூன்றாவது ஆள் மேஜைக்கே வரவில்லையே? அவனும் வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறான்?

துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டேன். நான் வரமாட்டேன். நீயும் வேலையை விடாதே. அவனை உட்கார வை. உன் வேலை நேரத்தைச் சொல், அவனுடையதைச் சொல்லச் சொல். "பிஸி" என்றால் ஒத்துக்கொள்ளாதே, மணி கேள். பட்டாணியையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவளுக்கும் பசிக்கிற நேரம் தூங்குகிற நேரம் என்று இருக்கிறது. கத்தினால் கத்தட்டும். அத்தைதான் சொன்னாள் என்று என் தலையில் போட்டுவிடு.

அன்புடன்,
உன் அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

உட்கார வைத்துவிட்டேன். "இதென்ன பஞ்சாயத்து?" என்றார். நாள் முழுக்க மீட்டிங் என்றார். லேப்டாப்பில் மீட்டிங் பட்டியலைக் காட்டுங்கள் என்றேன். காலையில் ஒன்றுமே இல்லை அத்தை. அவர் ஆபீஸ் வெளிநாட்டில், அது விழித்துக்கொள்வதே நம் மதியத்துக்கு மேல்தான். அதுவரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெடியாகிட்டிருப்பேன்" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பரிசோதனைக் கூடத்தில் விடிகாலை ஷிஃப்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நான் கேட்டதும் மேலாளர் உடனே கொடுத்துவிட்டார். காலையில் பட்டாணி அவரிடம். மதியம் நான் வந்ததும் பட்டாணி என்னிடம், அவர் லேப்டாப்பிடம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்தார்.

ஆனால் உங்கள் மேல் கொதிக்கிறார். "அங்க உக்காந்துகிட்டு நம்மள ஆட்டி வைக்கறாங்க. இனிமே அவங்க இங்க வரவே வேண்டாம்" என்றார். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

உங்கள் மருமகள்


ஜூலை 17

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வேலைக்குப் போகிறாய் என்று படித்ததும் எதிர் அறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். கணக்கர் தன் முட்டையில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். இந்த வீட்டில் அது பெரிய மரியாதை.

பிள்ளை சொன்னது வலித்தது. ஒரே பிள்ளை, வலிக்காமல் என்ன செய்யும்? அழுதேன். அதற்காக முடிவை மாற்றிக்கொள்ளமாட்டேன். இன்னும் ஒரு வருடம் அறை வேண்டுமா என்று வீட்டுக்காரம்மா கேட்டார், வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதை அவனிடம் சொல். நீ நடுவில் நின்று சமாதானம் பேசாதே. அவன் கோபம் அவனுக்கும் எனக்கும்.

அன்புடன்,
உன் அத்தை


செப்டம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நான் வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரம் வீடு ரணகளம். மதியம் வந்தால் அப்பாவும் மகளும் போட்டி போட்டு அழுகிற நிலையில் இருப்பார்கள். இப்போது பசிக்கு ஓர் அழுகை, தூக்கத்துக்கு ஓர் அழுகை என்று அவர் எனக்கே பாடம் எடுக்கிறார்.

நேற்று நான் வந்தபோது பட்டாணி அவர் தோளிலேயே தூங்கிவிட்டிருந்தாள். கீழே விடாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். திடீரென்று, "அம்மாவப் பாக்கணும்போல இருக்கு" என்றார். எனக்குப் பகீரென்றது.

"ஏன், காலையில சமாளிக்க முடியலையா?"

"அதெல்லாம் முடியுது."

"அப்ப பட்டாணிக்காகவா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மாதான்" என்றார்.

சமாதானம் பேசாதே என்று எழுதியிருந்தீர்கள். பேசவில்லை. அவர் சொன்னதை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 11

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே பிரித்துவிட்டேன். அறைக்கு வந்தும் இரண்டு தடவை படித்தேன்.

அவன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என்னைக் கூப்பிட்டதெல்லாம் ஏதாவது ஒரு வேலைக்குத்தான். பட்டன் தைக்க, சாவி தேட, சாப்பாடு போட, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. நானும் ஓடி ஓடிச் செய்தேன். அவன் கூப்பிடாத நாளில் எனக்குக் கை ஒடிந்தது போல இருக்கும். எந்த வேலையும் இல்லாமல் என்னைப் பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லி இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். போக வர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன், காலையில் பட்டாணியைக் கையில் வாங்கிக்கொண்டு உன் புருஷனுக்கு ஓய்வும் கொடுக்கமாட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருப்பேன்.

எதற்கு வருகிறார்கள் என்று கேட்டால், அம்மாவும் சும்மாதான் வருகிறாள் என்று சொல்.

அன்புடன்,
உன் அத்தை