முதல் கவளத்தோடு விழுங்க வேண்டியது

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் மசால் வடையை எண்ணெயிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நீ போய் ஏழு மாதமாகிறது. எனக்கு எதுவும் ருசிப்பதில்லை, பசிப்பதும் இல்லை. ஆனாலும் வாசனை மூக்கில் ஏறியதும் உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது, என்னைக் கேட்காமலே. இரண்டு வடையை நின்றபடியே தின்றுவிட்டு ரயிலேறினேன்.

இந்த விஷயத்தை உனக்கு விளக்கியதே நான்தான். கிள்ளானில் உன் வீட்டுச் சமையலறை. புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து நீ வந்திருந்த வாரம். கணையத்தின் தலைப்பகுதியையும் அதை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். மருந்துக் கடையில் இருபது வருடமாக நிற்கும் எனக்கு எல்லாம் தெரியும் என்று உனக்கு ஒரு நினைப்பு.

"சாப்பாட்டைப் பார்த்தாலே மூளை கணையத்துக்குத் தகவல் சொல்லும். அப்புறம் சாப்பாடு வயித்துலேர்ந்து குடலுக்கு இறங்கினதும், குடல் ரத்தத்துல ஹார்மோன் விடும். அது வந்து சேர்ந்தாதான் கணையம் நொதிகளை நல்லாத் திறந்துவிடும். அந்த நொதியும் தூக்கத்துலதான் கிளம்பும், குடலுக்கு வந்துதான் முழிக்கும். முன்னாடியே முழிச்சா கணையத்தையே தின்னுடும்."

"அப்ப, குடல் மெசேஜ் போட்டாதான் கணையம் டெலிவரி பண்ணுமா?"

"ஆமா."

"எனக்கு மெசேஜ் போடுறவனும் இல்ல, டெலிவரிக்காரனும் அரைகுறை. நல்லா இருக்கு லா!"

தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாய்.

அதனால்தான் அந்த மருந்து. சுரக்காத நொதியை வெளியிலிருந்து கொடுப்பது. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், முன்கூட்டியே விழுங்கினால் பிரயோஜனமில்லை. நீ ஒரு வேளைகூடத் தவறவில்லை. கொழுப்பு செரிக்காமல் எண்ணெயாக வயிற்றால் போவது நின்றது, எடையும் ஏறியது. கீமோவைத் தொடங்க எடை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிறகு தைப்பூச விரதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் விரதம் தொடங்குமுன் நம் தோழிகள் கூட்டம் முழுவதும் மாத்திரைப் பையோடு என் கடைக்கு வரும். எதில் ஜெலட்டின், எதில் மீன் எண்ணெய் என்று நான் பிரித்துக் கொடுப்பேன். நீயும் உன் பையைக் கொட்டினாய். "எல்லாம் சைவமா பாரு டி." என் கை பழக்கத்தில் ஓடியது. இது ஓக்கே. இதுவும் ஓக்கே. "இது பன்னிக் கணையத்துலேர்ந்து எடுக்கிறது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எந்தப் போத்தல் என் கையில் இருக்கிறது என்று கவனித்தேன்.

நீ அதை வாங்கித் தனியாக வைத்தாய்.

"நாப்பத்தெட்டு நாள்தானே. பால்குடம் எடுத்துட்டுப் போட்டுக்கிறேன்."

"மருந்துக்குக் குத்தமில்ல டி. வேற மருந்தும் இதுக்குக் கிடையாது."

"தெரியாமத் தின்னது வேற. இப்பத் தெரிஞ்சிடுச்சே. முருகன்கிட்ட மறைக்க முடியுமா? எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டார், நான் திரும்பிவிட்டேன். அன்று மாலையே உன் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாற்பத்தெட்டு நாள்தானே என்று நானும் நினைத்தேன்.

பால்குடம் தூக்கியபோது உன் தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே நடந்து வந்தேன், அதைப் பார்த்துக்கொண்டே. எடை போதாது என்று டாக்டர் சிகிச்சையைத் தள்ளிவைத்தார். நீ மருந்தை மறுபடி தொடங்கினாய், போன எடை திரும்பவில்லை. அது மட்டும்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உன் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், விரதத்துல அந்த மருந்த விட்டுட்டேன்னு கடைசிலதான் என்கிட்ட சொன்னா. பன்னின்னு யாரோ சொன்னாங்களாம். யாருன்னு கேட்டேன், சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணே" என்றேன்.

கடையில் உன்னிடம் அதுவும் சைவம்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வராத பொய் அவரிடம் எவ்வளவு சுலபமாக வந்தது! அழுகைதான் வரவில்லை, இன்றுவரை.

அவர் கூப்பிடும்போதெல்லாம் உன் வீட்டுக்குப் போகிறேன். வருகிறவர்களிடம், "என் வைஃப கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டவங்க" என்று என்னைக் காட்டுகிறார். நான் தலையாட்டுகிறேன்.